ஓணம் யாருடைய பண்டிகை?

கேள்வி: ஓணம் உண்மையில் வாமன ஜெயந்திதான், மகாபலி கொடுங்கோல் அசுரன், அவனை வரவேற்பதெல்லாம் பிற்காலத்தில் புகுத்திய கதை என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இன்னொரு தரப்போ, வாமனன் வஞ்சகன், ஓணத்தில் அவனுக்கு இடமே கிடையாது என்கிறது. எது சரி? மலையாள நண்பர்களுக்கு நான் என்ன வாழ்த்து சொல்வது?
– ஒரு வாசகர், கோவை

பதில்: மகாபலியைக் கொடுங்கோலன் என்று எழுதியவர் பாகவதத்தின் எட்டாம் ஸ்கந்தத்தைப் புரட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டார். வாமன அவதாரத்தை விரிவாகச் சொல்வது அந்தப் பகுதிதான். பலி குடிமக்களை வாட்டினான் என்று அதில் எங்கும் இல்லை. பிரகலாதனின் பேரன் அவன். இந்திரனைத் துரத்திவிட்டு விண்ணுலகைப் பிடித்தான். இந்திரனின் தாய் அதிதி நோன்பிருந்தாள், அவள் வயிற்றில் வாமனன் பிறந்தான். பலியின் வேள்விக்கு வந்து மூன்றடி மண் கேட்டான். பலிக்குச் செல்வச் செருக்கு இருந்ததையும் நூல் சொல்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ‘வந்திருப்பது திருமால், கொடுக்காதே’ என்று குரு சுக்கிராச்சாரியார் தடுத்தார், கேட்காதபோது சபிக்கவும் செய்தார். அப்போதும் அவன் வாக்கு மாறவில்லை. மூன்றாம் அடிக்குத் தலையைக் கொடுத்தான். பதிலுக்குத் திருமால் அளித்தது பாதாள உலகங்களில் ஒன்றான சுதல லோகத்தை. இனி வரப்போகும் சாவர்ணி மன்வந்தரம் என்ற யுகக் காலத்தில் இந்திரப் பதவியை. அதற்கும் மேலாக, அவன் வாசலில் தாமே காவல் இருப்பதாக ஒரு வரத்தை. கொடுங்கோலன் வீட்டு வாசலிலா பெருமாள் காவல் நிற்பார்?

மறுதரப்புக்கும் இதே கண்டிப்போடுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. ஓணத்திலிருந்து வாமனனை அகற்ற முடியாது. திருவோணம் அவன் பிறந்த நட்சத்திரம். நம் மதுரைக்காஞ்சியே ‘கணங்கொள் அவுணர்க் கடந்த பொலந்தார் மாயோன் மேய ஓண நன்னாள்’ என்கிறது. பாண்டியன் நெடுஞ்செழியன் காலத்து மதுரையில் அன்று மறவர்கள் தெருவில் மோதிக்கொண்டதை மாங்குடி மருதனார் வருணிக்கிறார். பாலக்காடு மாவட்டம் பல்லசனையில் இன்றும் நடக்கும் ஓணத்தல்லு என்ற கைச்சண்டை விளையாட்டு எனக்கு அந்த வரிகளைத்தான் நினைவூட்டும். கொச்சிக்குப் பக்கத்திலுள்ள திருக்காக்கரையோ நம்மாழ்வார் பாடிய திருக்காட்கரை; நூற்றெட்டுத் திருப்பதிகளில் ஒன்று. மூலவர் வாமனர். அத்தம் (அஸ்தம்) நட்சத்திர நாளில் அங்கே கொடியேறினால் பத்து நாள் உற்சவம். அதே வளாகத்தில் ஒரு சிவன் கோயிலும் இருக்கிறது, மகாபலி வழிபட்ட சிவன் என்பது ஐதீகம். கோயிலே இருவருக்கும் இடம் கொடுத்திருக்கும்போது நாம் யார் ஒருவரை வெளியே தள்ள?

ஓணத்துக்குக் கேரளத்து வீட்டு முற்றத்துக்கு வாருங்கள். களிமண்ணைப் பிசைந்து, நான்கு பக்கமும் சரிவாக, தலை தட்டையாக, சிறு கோபுரம் போலப் பிடித்து வைக்கிறார்கள். அரிசி மாவில் கோலமிட்டு, அதன்மேல் வாழையிலை விரித்து வைப்பது வழக்கம். கரைத்த மாவை அதன் தலையில் ஊற்றுவார்கள். வெள்ளை வெள்ளையாக வழிந்து காயும். உச்சியில் தும்பைப் பூ. இலையில் அவித்த அடையைப் படைத்துவிட்டு, வீட்டு ஆண்பிள்ளைகள் ‘ஆர்ப்போ’ என்று கூவ, மற்றவர்கள் ‘இர்ரோ’ என்று எதிர்க்குரல் கொடுப்பார்கள். அந்த மண் உருவுக்குத் திருக்காக்கரையப்பன் என்று பெயர். ஓணத்தப்பன் என்றும் சொல்வார்கள். ஒரு வீட்டில் அது வாமனர், அடுத்த வீட்டில் மகாபலி. இரண்டு வீட்டுக்கும் இதில் சண்டை வந்ததில்லை. சண்டை மூட்டுகிறவர்கள், அந்த மண்ணை ஒருநாளும் கையால் தொடாதவர்கள்.

‘பிற்காலத்தில் புகுத்தியது’ என்பதற்கு வருகிறேன். ஆண்டுக்கொரு முறை மகாபலி குடிமக்களைக் காண வருவது பாகவதத்தில் இல்லைதான். அதில் பலியின் வேள்வி நடப்பதுகூட நர்மதைக் கரையில், இன்றைய குஜராத்தின் பரூச்சில். அதனால் மலையாளிகள் கட்டிவிட்ட கதை என்று முடித்துவிடலாமா? மகாராஷ்டிரத்தில் தீபாவளிக்கு மறுநாள் பலி பிரதிபதை; ‘பீடை ஒழியட்டும், பலியின் ராஜ்ஜியம் வரட்டும்’ என்று வேண்டுவார்கள். கர்நாடகத்திலும் அதே நாள் பலிக்கு உரியது. துளு நாட்டு உழவர்கள் அப்போது விளக்கேற்றிப் பலீந்திரனைப் பெயர் சொல்லி அழைக்கிறார்கள். மேற்குக் கரை நெடுக உழுகிற ஜனங்கள் ஓர் அரசனின் வரவுக்குக் காத்திருக்கிறார்கள். இப்படி ஊரூராகப் பரவிய நம்பிக்கையை யாரோ உட்கார்ந்து புகுத்தினார் என்றால் நான் ஏற்க மாட்டேன்.

ஏன் காத்திருக்கிறார்கள் என்பதுதான் யோசிக்க வேண்டிய விஷயம். மாவேலி (மகாபலிக்கு மலையாளப் பெயர்) ஆண்ட காலத்தில் மனிதரெல்லாம் ஒன்றுபோல இருந்தார்கள், கள்ளமில்லை, சதியில்லை என்று மலையாள நாட்டுப்பாட்டு சொல்கிறது. இது பாடப்பட்டது எந்தச் சமூகத்தில்? தீண்டாமை மட்டுமல்ல, இத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்ற கணக்கும் இருந்த சமூகத்தில். ஓணத்துக்குக் குத்தகைக் குடியானவன் தன் தோட்டத்தின் மிகச் சிறந்த நேந்திரன் தாரைக் காழ்ச்சக்குலையாக, அதாவது காணிக்கைக் குலையாகச் சுமந்துபோய், ஜன்மி எனும் நிலவுடைமையாளர் வீட்டு வாசலில் வைப்பான். அவர் தரும் துணியை ஓணக்கோடியாக (ஓணப் புத்தாடையாக) வாங்கி வருவான். குத்தகை முறையைச் சட்டம் ஒழித்தது 1970 ஜனவரி 1-இல். அதுவரை எத்தனை தலைமுறை அந்தத் தாரைச் சுமந்தது! அவர்களுக்கு மாவேலி வெறும் புராணப் பாத்திரம் அல்ல. அவனை அசுரன் என்று ஏசும்போது அந்த மக்களின் ஏக்கத்தையும் சேர்த்து ஏசுகிறோம். என் கோபம் அதனால்தான்.

வடக்கு மலபாரில் ஓணப்பொட்டன் என்றொரு வேடம் உண்டு. மலையர் சமூகத்தவர் கட்டுவது. முகத்தில் சாயம், தலையில் கிரீடம், கையில் மணி, ஓலைக்குடை. உத்திராடத்திலும் திருவோணத்திலும் வீடு வீடாக வருவார், அரிசி வாங்கிக்கொள்வார், ஒரு வார்த்தை பேச மாட்டார். மக்களைப் பார்க்கலாம், பேசக்கூடாது என்ற நிபந்தனையோடு மாவேலிக்கு அனுமதி கிடைத்ததாக அங்கே சொல்கிறார்கள். மணிச்சத்தம் கேட்டதும் பிள்ளைகள் வாசலுக்கு ஓடுவார்கள். இந்தக் கதையை எழுதிய ஏடு எதுவும் இல்லை, ஆனாலும் எத்தனை நுட்பம் பாருங்கள்!

ஓணம் என்றாலே சைவ விருந்து என்பதும் உங்கள் செய்தியில் இருக்கக்கூடும், அதையும் நம்பாதீர்கள். கோழிக்கோடு, கண்ணூர்ப் பக்கம் பல வீடுகளில் ஓணத்து இலையில் மீனும் கறியும் உண்டு.

வாழ்த்து என்ன சொல்வது என்று கேட்டீர்கள். மலையாளிகள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வது ‘ஓணாசம்சகள்’. அதையே சொல்லுங்கள். சாப்பிடக் கூப்பிட்டால் தட்டாமல் போங்கள். அந்த வாட்ஸ்அப் செய்தியை மட்டும் இன்னொருவருக்கு அனுப்பாதீர்கள்.