உள்ள 50, மேல மட்டும் சாஃப்ட்: ஸ்டீல் தப்பா, உலை தப்பா?

ராணிப்பேட்டை சிப்காட்ல லேத் பட்டறை வெச்சிருக்கற ஒருத்தர் கேட்டிருக்கார்: இஎன்24ங்கற அலாய் ஸ்டீல்ல செஞ்ச பின்னெல்லாம் ஹார்டனிங் போய் வந்தா மேல அரம் கடிக்குது, அதாவது சாஃப்டா இருக்குது, 0.3 மில்லி கிரைண்ட் பண்ணா உள்ள 50 ஹெச்ஆர்சி (ராக்வெல் கடினத்தன்மை அளவு) சரியா வருது, ஹீட் ட்ரீட்மென்ட்காரங்களை கேட்டா 'ஸ்டீல் டூப்ளிகேட்'ங்கறாங்க, நெஜமா?

ஸ்டீல் டூப்ளிகேட்னா உள்ள எப்படி சார் 50 காட்டும்? மேல் தோல்ல கார்பன் போயிடுச்சி, டிகார்ப், அவ்ளோதான். 840 டிகிரில காத்தும் ஈரமும் பட்டா கார்பனை உருவிடும். அதுக்குத்தான் உலைக்குள்ள எண்டோகேஸ் விடறாங்க, 40 சதம் ஹைட்ரஜன், 40 நைட்ரஜன், 20 கார்பன் மோனாக்சைடு சுமாரா. அதோட கார்பன் பொட்டென்ஷியல், அதாவது அந்த கேஸ் ஸ்டீல் தோல்ல நிறுத்தற கார்பன் அளவு, உங்க ஸ்டீல்ல இருக்கற 0.4 சதம் கார்பனுக்கு சமமா நிக்கணும். கதவு சீல் லீக்கானாலும், கூலன்ட் தண்ணி சொட்ட சொட்ட ஜாப்பை உள்ள தள்ளினாலும் கெட்டுது.

குட்டியானைல வந்து ஜாப் அள்ளிக்கினு போற புரோக்கர் கிட்ட உஷாரா இருங்க. 'நம்மளுது கேஸ் பர்னஸ் சார்'னு சொல்லுவான், நேர்ல போய் பாத்தா சூடு பண்றதுக்கு மட்டும் எல்பிஜி எரியும், உள்ள வெறும் காத்து. சர்டிபிகேட்டும் ஒரு இடத்துல நல்லா தேய்ச்சிட்டு ராக்வெல் அடிச்சது. உங்க பேட்ச்சோட டியூ பாயின்ட் (உலை கேஸ்ல எவ்ளோ ஈரம்னு காட்டறது) இல்லன்னா ஆக்ஸிஜன் புரோப் (உலைக்குள்ள ஆக்ஸிஜன் அளக்கற கருவி) சார்ட் கேளுங்க, சிரிச்சி மழுப்பினா ஜாப்பை திருப்பி எடுத்துக்கினு வந்துடுங்க. ஆர்டர் குடுக்கற கம்பெனிக்காரங்களும் லேசுப்பட்டவங்க இல்ல, டிராயிங்ல '48-50'னு மட்டும் போட்டுட்டு டிகார்ப் எவ்ளோ அலவ்டுன்னு ஒரு வரி எழுத மாட்டாங்க, ஆனா கிலோவுக்கு ஒரு ரூபா கொறைன்னு மட்டும் மாசாமாசம் மெயில் வரும்.

ஒரே ஒரு எடத்துல ஹீட் ட்ரீட்மென்ட்காரர் மேல தப்பில்ல: பிளாக் பார், அதாவது ஹாட் ரோலிங் முடிஞ்சி தோல் சீவாம வர்ற கருப்பு பார். ஹாட் ரோலிங்லயே, மில்லுலயே தோல்ல கார்பன் போய்த்தான் வரும். நீங்க மெட்டீரியல் மிச்சம் பிடிக்கறேன்னு டைட் சைஸ் பார் வாங்கி லேசா டர்ன் பண்ணா அந்த தோலு அப்படியே நிக்கும், உலை எவ்ளோ சுத்தமா இருந்தும் பிரயோஜனமில்ல. சக்குல பார் கொஞ்சம் சென்டர் தள்ளி உக்காந்தா ஒரு பக்கம் ஆழமா வெட்டும், எதிர்பக்கம் தோலு தங்கிடும். அதனால பின்னை சுத்தி நாலு பக்கமும் அரம் போட்டு பாருங்க. ஒரு பக்கம் மட்டும் கடிச்சா பார், டர்னிங் தப்பு. சுத்தி கடிச்சா பெரும்பாலும் உலை, ஆனா சென்டர் சரியா இருந்து வெட்டி எடுக்கற ஸ்டாக் பத்தாம போனாலும் சுத்தி கடிக்கும்.

அதுக்குத்தான் அடுத்த லாட்ல அதே பார்ல ஒரு துண்டை பாதி சைஸுக்கு நல்லா உள்ள வரைக்கும் டர்ன் பண்ணி, கம்பி கட்டி ஜாப்போடயே அனுப்புங்க. அதுல மில்லு தோலு இருக்காது, அதனால அதுவும் சாஃப்டா வந்தா உலை தப்புதான், பில்லுல பைசா குடுக்காதீங்க.