எண்ணினால் காடு பிழைக்குமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

காடு பச்சையாக இருக்கிறதா இல்லையா என்பதைச் செயற்கைக்கோள் படத்தில் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்துவிடலாம். அப்புறம் எதற்குத் தானியங்கி கேமரா, ஒலிப்பதிவுக் கருவி, வருடாவருடம் கணக்கெடுப்பு? அந்தப் பணத்தில் இன்னும் நாலு காவலர்களை வைக்கலாமே. எண்ணிக்கொண்டே இருந்தால் காப்பாற்றியதாகுமா? என்னைப் போன்றவர்கள் செல்பேசியில் படமெடுத்துப் பதிவேற்றுவதால் ஏதாவது பயன் உண்டா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

காவலரா, கணக்கா என்று கேட்டால் முதலில் காவலர்தான். அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் பச்சையைப் பார்த்தால் போதும் என்கிறீர்களே, அதைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

வெப்பமண்டலக் காடுகளில் பெரிய கொட்டையுள்ள பழமரங்கள் நிறைய. இருவாச்சியோ குரங்கோ யானையோ பழத்தை விழுங்கித் தொலைவில் போய்க் கொட்டையைப் போட்டால்தான் அவற்றுக்கு வாரிசு. வேட்டையில் அந்த விலங்குகள் போய்விட்டால் மரம் உடனே சாவதில்லை. நூறு, இருநூறு வருடம்கூட நிற்கும், பூக்கும், காய்க்கும். பழமெல்லாம் தாய்மரத்தடியிலேயே விழுந்து அழுகும். தப்பித்தவறி முளைத்தாலும், அந்த மரத்தையே தின்று பழகிய பூச்சியும் பூஞ்சையும் அங்கேதான் இருக்கின்றன. மேலிருந்து பார்ப்பவருக்கு ஒரு குறையும் தெரியாது. 1992இல் உயிரியலாளர் கென்ட் ரெட்ஃபோர்ட் ‘வெற்றுக் காடு’ என்று எழுதியது இதைத்தான்.

இது தெரியவேண்டுமானால் யாராவது குனிந்து கன்றுகளை எண்ண வேண்டும். பனாமாவின் பாரோ கொலராடோ தீவில் 1980களின் தொடக்கத்திலிருந்து 50 ஹெக்டேர் காட்டை இப்படி எண்ணிவருகிறார்கள். மார்பு உயரத்தில் ஒரு சென்டிமீட்டர் தடிமன் இருந்தாலே அந்தத் தண்டுக்கு ஓர் எண், ஒரு தகடு. சுமார் ஐந்தாண்டுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் திரும்ப அளக்கிறார்கள். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட தண்டுகள்! படிக்கவே அலுப்பாக இருக்கிறது, இல்லையா? எந்த மரம் பெருகுகிறது, எது வாரிசில்லாமல் நிற்கிறது என்பது இந்த அலுப்பில்தான் தெரியவரும்.

எண்ணிக்கை தப்பாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ராஜஸ்தானின் சரிஸ்கா புலிகள் காப்பகம் இருக்கிறது. ஒவ்வொரு புலியையும் காலடித் தடத்தை வைத்தே அடையாளம் கண்டுவிடலாம் என்று நம்பி இந்தியாவில் பல ஆண்டுகள் கணக்கெடுத்தார்கள். 2004 வரை சரிஸ்காவின் கணக்கில் புலிகள் இருந்தன. 2005 வாக்கில் தேடினால் ஒன்றுகூட இல்லை. வேட்டைக்காரர்கள் முடித்துவிட்டிருந்தார்கள். காகிதத்தில் புலி இருந்ததால் யாருக்கும் பதற்றம் வரவில்லை. அந்த அதிர்ச்சிக்குப் பிறகுதான் 2006இலிருந்து நாடு முழுக்கக் கேமராவுக்கு மாறினார்கள்.

கேமரா என்றதும் படத்தில் விழுந்ததை எண்ணுவது என்று நினைத்துவிடாதீர்கள். பாதையின் இரு பக்கமும் முழங்கால் உயரத்தில் ஒன்று ஒன்று கட்டுவார்கள், ஏனென்றால் புலியின் இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் வேறு வேறு. முதல் சுற்றில் 20 புலிகள் படத்தில் விழுகின்றன என்று வையுங்கள். அடுத்த சுற்றிலும் 20, ஆனால் அதில் 10 மட்டுமே பழைய முகங்கள். அதாவது முதல் சுற்றில் நாம் பார்த்தது இருப்பதில் பாதிதான், மொத்தம் 40 இருக்கலாம். உண்மையில் செய்யும் கணக்கு இதைவிடச் சிக்கலானது, ஆனால் அடிப்படை இதுதான். கண்ணில் படாததையும் கணக்கில் சேர்க்கிறார்களே, எனக்குப் பிடித்தது அதுதான்.

புலிக்காவது ரசிகர்கள் உண்டு. பூச்சிக்கு யார் இருக்கிறார்கள்? ஜெர்மனியில் ஆர்வலர்களான பூச்சியியலாளர்கள் 63 பாதுகாக்கப்பட்ட இடங்களில் வலைப்பொறி வைத்து, விழுந்த பூச்சிகளை எடை போட்டு வந்தார்கள். 27 ஆண்டுகளில் பறக்கும் பூச்சிகளின் மொத்த எடை முக்கால் பங்குக்கு மேல் குறைந்திருந்தது. 2017இல் அது வெளியானது. அவை பெரும்பாலும் காடுகள் அல்ல, புல்வெளி, புதர்வெளி போன்ற திறந்த இடங்கள். ஆனால் எல்லாமே பாதுகாக்கப்பட்ட இடங்கள் என்பதைக் கவனியுங்கள்.

சரி, உங்கள் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. லட்சக்கணக்கில் படமெடுத்து வன்தட்டில் போட்டுவிட்டு அறிக்கையோடு முடித்துக்கொள்ளும் திட்டங்கள் உண்டு. எண்ணத் தொடங்கும் முன்பே, இந்த அளவுக்குக் கீழே போனால் என்ன செய்வோம் என்று எழுதிவைக்க வேண்டும். இரவில் சாலையை மூடுவோமா? கண்ணிகளை அகற்ற ஆள் கூட்டுவோமா? அப்படி எதுவும் எழுதப்படாத கணக்கெடுப்புக்கு நானும் காசு தரமாட்டேன்.

கடைசிக் கேள்வி. உங்கள் படங்களுக்குப் பயன் நிச்சயம் உண்டு. ஆனால் அபூர்வமான பறவையை மட்டும் பதிவேற்றிவிட்டு வந்துவிடாதீர்கள். எவ்வளவு நேரம் நடந்தீர்கள், அடையாளம் தெரிந்த எல்லாவற்றையும் எழுதினீர்களா என்று, பறவைகளைப் பதிவுசெய்யும் தளமான ஈபேர்ட் கேட்கும். காக்கை, மைனா உட்பட அத்தனையையும் எழுதுங்கள். அப்போதுதான் பட்டியலில் ஒரு பறவை இல்லை என்பதற்கும் அர்த்தம் வரும். அப்புறம், அரிய ஆர்க்கிடையோ ஆமையையோ கண்டால் இடத்தைப் பொதுவில் போடாதீர்கள். திருடுபவர்களும் அதே தளங்களைத்தான் பார்க்கிறார்கள்.