மென்பொருள் துறையில் ஆறு ஆண்டு அனுபவம் இருக்கிறது. ஓட்டுநரில்லா கார்களுக்கான இயந்திரக் கற்றலுக்கு மாற முடியுமா? முனைவர் பட்டம் தேவையா?

தாராளமாக மாறலாம். புதிய இயந்திரக் கற்றல் மாடல்களை உருவாக்கும் ஆராய்ச்சிக் குழுக்கள்தான் பெரும்பாலும் முனைவர் பட்டம் கேட்கின்றன. அந்த மாடலுக்குத் தரவு சேர்ப்பதும், அதைக் காரில் ஓட வைப்பதும் பொறியாளர்களின் வேலை. நான் அந்த வாசல் வழியாக வந்தவன்.

வங்கி மென்பொருளுக்கு சர்வர் நிரல் எழுதிக்கொண்டிருந்த எனக்கு, இத்துறையில் முதலில் கிடைத்தது சோதனை ஓட்டப் பதிவுகளைச் சேகரிக்கும் குழுவில் இடம். இயந்திரக் கற்றலை நான் உண்மையில் கற்றது அங்கேதான். எங்கள் காரில் லைடார், அதாவது லேசர் ஒளியால் தூரம் அளக்கும் உணரி, நொடிக்கு 10 முறை சுழலும். கேமராவுக்குத் தனி வேகம். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் கார், லைடார் ஒருமுறை சுழல்வதற்குள் ஒன்றரை மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். இரண்டின் நேரமும் பிசகினால், படத்தில் சைக்கிள்காரர் ஓரிடத்திலும் அவர்மீது விழவேண்டிய லைடார் புள்ளிகள் வேறிடத்திலும் இருக்கும். அந்தத் தரவில் பயிற்றுவித்த மாடல் எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும் தவறாகவே கற்கும். இந்தப் பிசகைத் தேடிப் பிடிக்க, நள்ளிரவில் சர்வர் பதிவுகளை அலசிப் பழகிய பொறுமை போதும். அது உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. தயவுசெய்து அந்த ஆறு ஆண்டுகளை மறைத்துக்கொண்டு புதியவராக விண்ணப்பிக்காதீர்கள்.

கணிதத்தில் நேரியல் இயற்கணிதமும் நிகழ்தகவும் கட்டாயம். ஓர் உணரி காட்டும் இடத்தை இன்னொன்றின் கணக்குக்கு மாற்றும் ஆயத்தொலை மாற்றங்களும், பிசிறுள்ள அளவீடுகளிலிருந்து நகரும் பொருளின் இடத்தைக் கணிக்கும் கால்மன் வடிகட்டியும் கைக்குப் பழகியிருக்க வேண்டும். பைத்தானோடு சி பிளஸ் பிளஸும் தேவை. காருக்குள் ஓடும் நிரலில் பெரும்பகுதி அதில்தான் எழுதப்படுகிறது.

சான்றிதழ்களைக் குவிப்பதைவிட ஒரே ஒரு சோதனையை ஆழமாகச் செய்யுங்கள். ஓட்டுநரில்லா கார் ஆராய்ச்சிக்கான நியூசீன்ஸ் தரவுத் தொகுப்பில் பாஸ்டனிலும் சிங்கப்பூரிலும் பதிவான 1,000 காட்சிகள் உள்ளன. ஒவ்வொன்றும் 20 நொடி. பாஸ்டனில் வலப்பக்கம் ஓட்டுவார்கள், சிங்கப்பூரில் இடப்பக்கம். லைடார் புள்ளிகளிலிருந்து வாகனங்களையும் ஆட்களையும் கண்டறியும் பாயின்ட்பில்லர்ஸ் மாடலைப் பாஸ்டன் காட்சிகளில் மட்டும் பயிற்றுவித்துச் சிங்கப்பூரில் சோதியுங்கள். எவற்றைத் தவறவிடுகிறது, இரவிலா மழையிலா, ஏன் என்று எழுதிவையுங்கள். நேர்முகத் தேர்வில் நான் முதலில் கேட்பது அதைத்தான்.

ஓட்டுநரில்லா கார் நிறுவனம்தான் வேண்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். அவசரகாலத் தானியங்கி பிரேக், தடம் விலகாமல் காக்கும் வசதி போன்ற ஓட்டுநர் உதவி அமைப்புகளிலும் பெருமளவு இதே வேலைதான். பெங்களூரில் அதற்கான பணியிடங்கள் உண்டு. அங்கிருந்தே தொடங்கலாம்.