காசநோயே இல்லை, எதற்குக் காசநோய் மாத்திரை?

கேள்வி: எனக்கு 43 வயது. பல ஆண்டுகளாகச் சொரியாசிஸ் என்ற தோல் செதில் நோய் உண்டு. இப்போது விரல்கள் வீங்கி, காலையில் ஒரு மணி நேரத்துக்குத் தோசைக் கரண்டியைக்கூடப் பிடிக்க முடியவில்லை. மீதோட்ரெக்சேட் மாத்திரையில் போதிய குணமில்லை என்று மூட்டுவாத மருத்துவர் அடாலிமுமாப் ஊசி எழுதியிருக்கிறார். ஆனால் கையில் போட்ட காசநோய்ப் பரிசோதனை தடித்துவிட்டதால், முதலில் அதற்கு மாத்திரை சாப்பிடச் சொல்கிறார். எக்ஸ்ரே சுத்தம், இருமலும் இல்லை. மாத்திரையை விட்டுவிட்டு ஊசியை மட்டும் போட்டுக்கொள்ளலாமா? இந்த ஊசியைத் தொடங்கினால் விடவே முடியாது என்கிறார் என் நாத்தனார்.
- வாசகி, சாத்தூர்

பதில்: கூடாது சகோதரி. அந்த மாத்திரை இல்லாமல் ஊசியைத் தொடவே வேண்டாம்.

காசநோய்க் கிருமி உள்ளே சத்தமில்லாமல் குடியிருப்பவர்கள் நம் ஊரில் ஏராளம். அவர்களுக்கு நோய் இல்லை, பிறருக்கும் தொற்றாது. உடலின் எதிர்ப்புச் செல்கள் கிருமியைச் சுற்றி வேலி போட்டு அடைத்துவைத்திருக்கின்றன. அந்த வேலி கலையாமல் காப்பதில் டி.என்.எஃப். என்ற புரதத்துக்குப் பெரிய பங்கு உண்டு. உங்கள் விரல்களை வீங்கவைப்பதும் அதே புரதம்தான். அடாலிமுமாப் அதை முடக்கும்போது வீக்கம் வடியும், வேலியும் தளரும். அப்படிக் கிளம்பும் காசநோய் நுரையீரலோடு நிற்காமல் வேறு உறுப்புகளுக்கும் பரவக்கூடும்.

அந்தக் காசநோய் மாத்திரை ஐசோனியசிட் மட்டும் என்றால் தினமும் 6 மாதம். ரிஃபாபென்டினும் சேர்ந்தால் வாரம் ஒரு முறை, 12 வாரம். அது முடியும்வரை வலியோடு காத்திருக்க வேண்டியதில்லை. பொதுவாக ஒரு மாதம் சாப்பிட்டதும் ஊசியைத் தொடங்கிவிடுவார்கள். மீதோட்ரெக்சேட்டும் தொடர்ந்தால், அதுவும் இந்தக் காசநோய் மாத்திரையும் கல்லீரலைப் பதம் பார்க்கக்கூடியவை. ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

உங்கள் நாத்தனார் சொல்வதில் பாதி உண்மை. நிறுத்தினால் பலருக்கு வலி திரும்புகிறது. திரும்புவது நோய், ஊசிக்கு உடல் அடிமையானதால் வருவதல்ல. போடாமலே இருந்தால் மூட்டு எலும்பு அரிபடும், அது பழையபடி ஆகாது. இப்படிப் பயமுறுத்துகிறவர்களே பெயர் தெரியாத பொடியைப் 'பக்கவிளைவே இல்லை' என்று நீட்டுவதையும் பார்க்கிறேன். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால், நிறுத்தும்போது சொரியாசிஸ் முன்னைவிட மோசமாகக் கிளம்பும்.

ஊசி 40 மி.கி., இரண்டு வாரத்துக்கு ஒன்று. கற்றுக்கொண்டால் வயிற்றிலோ தொடையிலோ நீங்களே போட்டுக்கொள்ளலாம். செதில் படர்ந்த இடத்தில் மட்டும் குத்தாதீர்கள். ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஃப்ரீசரில் உறைந்துவிட்டால் தூக்கிப்போட வேண்டியதுதான். அரை மணி நேரம் முன்பே வெளியே எடுத்துவைத்தால் எரிச்சல் குறையும், வெந்நீரில் போட்டுச் சூடேற்றக் கூடாது. 2014 முதல் இதன் இந்தியத் தயாரிப்பும் இருக்கிறது. விலை குறைவு, மருத்துவரிடம் கேளுங்கள். பலன் தெரிய 3 மாதம் பொறுங்கள். இடையில் காய்ச்சல் வந்தால், அடுத்த ஊசியைப் போடும் முன் மருத்துவருக்குப் போன் செய்துவிடுங்கள்.