வாசல் மேப்பிள்

அன்புள்ள ஐயா,

ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் கனடாவின் அல்கொன்குவின் வனப்பூங்காவுக்குக் குடும்பமாகப் போய்வருவது எங்கள் வழக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களுடன் இருக்கும் மாமிக்கு உடல்நலம் சரியில்லாததால் இம்முறை வீட்டைவிட்டு நகர முடியவில்லை. நண்பர்களின் படங்களில் காடெல்லாம் சிவந்திருக்க, எங்கள் வாசல் மேப்பிள் இன்னும் பச்சையாகவே நிற்கிறது. காஷ்மீரின் இலையுதிர் காலத்தைப் பார்த்தவர் நீங்கள். பயணம் இல்லாத ஆண்டு உங்களுக்குக் குறையாகத் தோன்றாதா?

வாசகி, ஸ்காபரோ

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் மரத்தின் இலைக்காம்பு ஒன்றை ஒடித்துப் பாருங்கள். பால் வடிந்தால் அது பெரும்பாலும் நார்வே மேப்பிள். ஐரோப்பாவிலிருந்து வந்து ரொறன்ரோத் தெருக்களில் நிழலுக்காக ஏராளமாக நடப்பட்ட அம்மரம், இம்மண்ணுக்குரிய சர்க்கரை மேப்பிளைவிட வெகுவாகத் தாமதித்தே நிறம் மாறும். அல்கொன்குவினில் சர்க்கரை மேப்பிள்கள் செப்டெம்பர் இறுதியை ஒட்டியே உச்சத்தை எட்டிவிட, உங்கள் மரம் ஒக்டோபர் கடைசியிலோ நவம்பர் தொடக்கத்திலோதான் மஞ்சளாகும். சிவப்பை அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம். சர்க்கரை மேப்பிள், வெயிலான பகலும் குளிர்ந்த இரவும் தொடரும்போது, இலையில் தங்கிய சர்க்கரையைக் கொண்டு சிவப்பு நிறமியைப் புதிதாக ஆக்கிக்கொள்கிறது. மஞ்சளோ கோடை முழுவதும் இலையிலேயே இருந்து, பச்சையம் சிதைந்தபின் கண்ணுக்குத் தெரிகிறது.

ஸ்ரீநகரில், முகலாயர் காலத்துச் சினார் மரங்கள் நிற்கும் நசீம் பாக்கில் நடந்தபோது நானும் நிறத்தைத்தான் தேடிப் போயிருந்தேன். ஆனால் நினைவில் ஆழமாகப் பதிந்தவர்கள், உதிர்ந்த சருகைக் கூட்டிக் குவித்து, தீயிட்டு, அது சாம்பலாகிவிடுமுன் நீர் தெளித்துக் கரியாக்கிய பெண்கள். பிரம்புக் கூடைக்குள் மண்சட்டி பதித்த காங்கிரியில் அந்தக் கரியை இட்டு, தளர்ந்த நீள் அங்கிக்குள் அணைத்தபடிதான் அவர்கள் குளிர்காலத்தைக் கடக்கிறார்கள். ஸ்ரீநகரை அடுத்த பாம்பூரில் அதே நாட்களில் குங்குமப்பூ அறுவடை நடந்தது. ஒரு பூவுக்கு மூன்றே இழைகள். ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பூக்கள் வேண்டும். குனிந்த முதுகுகள் நிமிராமலே வரப்பு வரப்பாக நகர்ந்தன.

வந்துபோகிறவனுக்குப் பருவத்தின் ஒரு நாள்தான் கிடைக்கும், வீட்டிலிருப்பவருக்கே அது முழுவதும் கிடைக்கும் என்பதை நான் அங்கேதான் உணர்ந்தேன். அதன்பின் பயணம் இல்லாத ஆண்டை நான் குறையாக எண்ணியதில்லை. எந்தக் கிளை முதலில் வெளிறுகிறது, காற்றே இல்லாத காலையிலும், முந்தைய இரவின் உறைபனியால் காம்பு விடுபட்டு இலைகள் எப்படிக் கூட்டமாக உதிர்கின்றன என்பதையெல்லாம், அல்கொன்குவினில் ஒரு பகல் நின்று திரும்புகிறவர் காண முடியாது. சருகை வாரிக் காகிதப் பைகளில் நிரப்பி மாநகராட்சிக்காக வாசலில் வைக்கும் வேலையையும் நான் விருப்பத்தோடுதான் செய்கிறேன்.

மாமியின் நாற்காலியைச் சன்னலருகே போடுங்கள். யாழ்ப்பாணத்தில் வேம்பு இலையுதிர்ப்பது மாசியில், மழைக்காலம் ஓய்ந்து வெயில் ஏறத் தொடங்கும்போது. அந்தச் சருகை அவருடைய வீட்டில் என்ன செய்தார்கள், தோட்டத்துக்கு உரமாக இட்டார்களா என்று கேட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.