வியன்னாவில் மாநாடு: டாக்ஸி தேவையில்லை, டிக்கெட்டில் முத்திரை தேவை

கேள்வி: ஏப்ரலில் வியன்னாவில் ஒரு வார மாநாடு. ஐரோப்பாவுக்கு முதல் பயணம். அரங்கு டான்யூப் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிறது, எனக்குக் கட்டுப்படியாகும் அறைகள் ஊருக்குள் இருக்கின்றன. தினமும் டாக்ஸி பிடிக்க வேண்டியிருக்குமா?

வேண்டியிருக்காது. புவி அறிவியல் மாநாட்டுக்காக மூன்று முறை வியன்னா போயிருக்கிறேன். மூன்று பயணத்திலும் சேர்த்து ஒரே ஒரு தடவைதான் டாக்ஸியில் ஏறினேன், அதுவும் விடியற்காலை விமானத்தைப் பிடிப்பதற்காக.

அக்கரை என்று சொல்வதால் ஆஸ்திரியா சென்டர் அரங்கைத்தான் சொல்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். ஐ.நா. அலுவலகக் கட்டடங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. யு1 என்னும் சிவப்புத் தடத்து மெட்ரோவில் ஏறி, கைசர்ம்யூலன் நிலையத்தில் இறங்கினால் சில நிமிட நடைதான். ஊரின் நடுவே பெரிய தேவாலயத்தை ஒட்டியுள்ள ஸ்டெஃபான்ஸ்பிளாட்ஸ் நிலையத்திலிருந்து ஆறாவது நிறுத்தம், பத்து நிமிடம்கூட ஆகாது. ஆகவே அறை பார்க்கும்போது அரங்கு எத்தனை கிலோமீட்டர் என்று கணக்குப் போடாதீர்கள். யு1 நிலையத்துக்கு எத்தனை நிமிடம் நடக்க வேண்டும் என்று பாருங்கள், அது போதும்.

நடைமேடையில் வடக்கு, தெற்கு என்று தேடிக் குழம்ப வேண்டாம். கடைசி நிலையத்தின் பெயர்தான் திசை. அரங்குக்குப் போக லியோபோல்டாவ், ஊருக்குள் திரும்ப ஓபர்லா. சில ரயில்கள் ஓபர்லா வரை போகாமல் அலாவ்தகாஸ்ஸெ நிலையத்திலேயே நின்றுவிடும், ஊர் நடுவுக்கு வருகிறவர்களுக்கு அதுவும் சரிதான். பழைய ரயில்களில் கதவு தானாகத் திறக்காது, கைப்பிடியை இழுக்க வேண்டும்.

இனி நான் வற்புறுத்திச் சொல்ல வேண்டிய விஷயம். சென்னை மெட்ரோவில் டிக்கெட்டைக் காட்டினால்தான் தடுப்புக் கதவு திறக்கும். வியன்னாவில் அப்படிக் கதவே கிடையாது. படியிறங்கி நேராக ரயிலுக்குள் போய்விடலாம், யாரும் நிறுத்த மாட்டார்கள். நடைமேடைக்குப் போகும் வழியில் இடுப்பளவு உயரத்தில் சிறிய நீலப் பெட்டி ஒன்று இருக்கும். காகித டிக்கெட்டை அதன் வாய்க்குள் செருகினால் ஒரு சத்தத்தோடு நாளும் நேரமும் அச்சாகும். அந்த அச்சு விழுந்தால்தான் டிக்கெட்டுக்கு உயிர்.

இரண்டாவது பயணத்தில் என்னோடு வந்த ஆராய்ச்சி மாணவன் இயந்திரத்தில் பணம் கட்டி டிக்கெட் வாங்கிப் பத்திரமாகப் பர்ஸுக்குள் வைத்துக்கொண்டான். பெட்டியை அவன் கவனிக்கவே இல்லை. அடுத்த நிலையத்தில் சாதாரண உடையில் இருவர் ஏறி, அடையாள அட்டையைக் காட்டி டிக்கெட் கேட்டார்கள். இவன் எடுத்து நீட்டினான். அவர்களில் ஒருவர் அச்சு இருக்க வேண்டிய வெற்றிடத்தின் மேல் விரலை வைத்துக் காட்டினார். “பணம் கொடுத்து வாங்கியது, இன்றைக்குத்தான் வாங்கினேன்” என்று அவன் திரும்பத் திரும்பச் சொன்னான். முத்திரை விழாத டிக்கெட்டை நாளைக்கும் பயன்படுத்தலாம், மறுநாளும் பயன்படுத்தலாம் என்பதால் அவர்கள் அந்தச் சமாதானத்தை ஏற்கவில்லை. நூறு யூரோவுக்கு மேல் அபராதம். படிப்பு உதவித்தொகையில் வந்த பையன், அன்று மாலை முழுவதும் யாரிடமும் பேசவில்லை. முன்கூட்டியே சொல்லிக்கொடுக்காதது என் தவறு என்று இன்றும் நினைக்கிறேன். அதனால்தான் வியன்னா போகிறேன் என்று யார் சொன்னாலும் முதலில் இதைச் சொல்கிறேன்.

செயலியில் வாங்கும் டிக்கெட்டுக்கும், நாள் அச்சாகியே வரும் டிக்கெட்டுக்கும் முத்திரை வேண்டாம். ஒரு வாரம் இருக்கப்போவதால் வார டிக்கெட்டே எடுத்துவிடுங்கள். மெட்ரோ, டிராம், பஸ் எல்லாவற்றுக்கும் அது ஒன்றே போதும்.

ஆனால் விமான நிலையம் நகர எல்லைக்கு வெளியே இருக்கிறது. அந்தப் பகுதிக்குத் தனியாக டிக்கெட் வாங்க வேண்டும், வார டிக்கெட் செல்லாது. இறங்கியதும் கண்ணில் படுவது பச்சை நிற விரைவு ரயிலின் விளம்பரம். இடையில் நிற்காமல் 16 நிமிடத்தில் ஊருக்குள் இருக்கும் வீன் மிட்டெ நிலையத்துக்குப் போகும், கட்டணம் அதிகம். எஸ்7 என்னும் சாதாரண ரயில் அதே இடத்துக்கு சுமார் 25 நிமிடத்தில் போகிறது. அந்தப் பத்து நிமிடத்துக்காக அவ்வளவு பணம் கொடுப்பது வீண். எஸ்7 மேலும் ஓடி பிராட்டர்ஸ்டெர்ன் போகும், அங்கேயே யு1க்கு மாறிக்கொள்ளலாம். தண்டவாளப் பணி ஏதேனும் நடக்கிறதா என்று மட்டும் புறப்படும் முன் பார்த்துவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். சனிக்கிழமையே வாங்கி வைக்கத் தவறினால் பிராட்டர்ஸ்டெர்ன் ரயில் நிலையத்துக்குள் இருக்கும் பல்பொருள் அங்காடி கைகொடுக்கும். தண்ணீர் பாட்டில் வாங்கவே வேண்டாம். குழாயில் வருவது மலை ஊற்று நீர். 1873 முதல் ஆல்ப்ஸ் மலைகளிலிருந்து குழாய்வழியாகக் கொண்டுவருகிறார்கள், குடித்தால் ருசி தெரியும். வெள்ளி, சனி இரவுகளில் மெட்ரோ விடிய விடிய ஓடும். மற்ற நாள்களில் நள்ளிரவுக்குப் பின் இரவு பஸ்தான்.

ஒரு மாலையாவது, ஊருக்குத் திரும்பும்போது அடுத்த நிலையமான டோனாவ்இன்சல் என்ற இடத்தில் இறங்குங்கள். ஆற்றுப் பாலத்திலேயே நிலையம், கீழே டான்யூப் தீவு. வெள்ளத்தைத் திருப்பிவிட 1972 முதல் 1988 வரை புதிய கால்வாய் வெட்டி, அந்த மண்ணைக் குவித்தே 21 கிலோமீட்டர் நீளத்துக்கு உருவாக்கிய தீவு அது. ஏப்ரல் கடைசியில் கிட்டத்தட்ட எட்டு மணிவரை வெளிச்சம் இருக்கும். நாள் முழுவதும் மூடிய அரங்கில் உட்கார்ந்த உடம்புக்கு அந்தக் காற்று அவ்வளவு இதமாக இருக்கும்.