நான்கு கடை ஏறினீர்கள், இரண்டே தட்டு கேட்டீர்கள்

கேள்வி: வெளியில் சாப்பிடும்போது எனக்கு மிகவும் பிடித்தது தாய்லாந்து உணவு. வீட்டுக்குப் பக்கத்தில் நான்கு கடைகள் இருக்கின்றன. நான்கிலும் பாட் தாய் நூடுல்ஸும் பச்சைக் குழம்பும் சாப்பிட்டுப் பார்த்துவிட்டேன். மூன்றில் வெறும் இனிப்பு. நான்காவது நன்றாக இருந்தது, ஆனால் அடிக்கடி போகக் கட்டுப்படியாகாது. குறைந்த விலையில் நல்ல தாய்லாந்து உணவு கிடைக்காது என்று முடிவுகட்டிவிடலாமா?

பதில்: முடிவுகட்டும் அளவுக்கு நீங்கள் இன்னும் சாப்பிடவில்லை. மலிவான கடையில் சரியாக வருவதற்கு மிகக் கடினமான இரண்டு பதார்த்தங்களை எங்கே போனாலும் கேட்டிருக்கிறீர்கள். அவற்றை வைத்து அந்தச் சமையல்காரர்களை எடைபோட்டது அவர்களுக்குச் செய்த அநியாயம்.

பாட் தாய்க்குச் சட்டி நன்றாகக் காய வேண்டும். ஒரு நேரத்தில் ஓரிரு தட்டு அளவுக்கு மேல் போடக் கூடாது. கூட்டம் நெருக்கும் மதிய வேளையில் ஆறு தட்டை ஒன்றாகக் கிளறினால் அரிசி நூடுல்ஸ் களியாகிவிடும். பச்சைக் குழம்பின் உயிர் அதன் விழுதில் இருக்கிறது. பேரரத்தை, எலுமிச்சைப்புல், கொத்தமல்லி வேர், பச்சை மிளகாய், இறால் விழுது எல்லாவற்றையும் இடிக்க ஓர் ஆளின் அரை நாள் போய்விடும். அதனால் சிறிய கடைகள் பாக்கெட் விழுதை எடுக்கின்றன. அதை நான் குற்றம் என்று சொல்லமாட்டேன். தாய்லாந்துச் சந்தைகளிலேயே இடித்த விழுதைக் குவித்துவைத்து எடைபோட்டு விற்கிறார்கள், வீட்டுக்கு வாங்கிப்போய்ச் சமைக்கிறார்கள். கெட்டித் தேங்காய்ப்பாலில் எண்ணெய் பிரியும்வரை அந்த விழுதை வதக்காமல், நீர்க்கக் கொதிக்கவிட்டு, குறையைச் சர்க்கரையால் மூடுவதுதான் குற்றம். உங்களுக்குக் கிடைத்தது அதுவாகத்தான் இருக்கும்.

எல்லாக் கடையிலும் ஒரே மெனு இருப்பதற்கு ஒரு வரலாறும் உண்டு. வெளிநாடுகளில் தாய்லாந்து உணவகங்களைப் பெருக்குவதற்கென்றே அந்நாட்டு அரசு 2002-இல் ஒரு திட்டம் தொடங்கியது. அந்நியருக்குப் பழகிய பத்துப் பன்னிரண்டு பதார்த்தங்கள் உலகம் முழுவதும் மெனுவின் முதல் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டன. சமையல்காரர் தன் ஊரில் சாப்பிட்டு வளர்ந்தது பல நேரம் கடைசிப் பக்கத்திலோ சுவரில் ஒட்டிய தாளிலோதான் இருக்கும். அங்கே தேடுங்கள்.

முதலில் சோம் தாம் கேளுங்கள். தாய்லாந்தின் வடகிழக்குப் பகுதியான இசானிலும் லாவோஸிலும் அன்றாடம் சாப்பிடும் பச்சைப் பப்பாளிக் கலவை அது. துருவிய பப்பாளி, காராமணி, தக்காளி, பூண்டு, மிளகாய், எலுமிச்சைச் சாறு, மீன் சாஸ், பனைவெல்லம், வறுத்த வேர்க்கடலை, உலர்ந்த இறால். இவற்றில் பணத்தைத் தின்னும் பொருள் எதுவும் இல்லை. முன்கூட்டிச் செய்துவைக்கவும் முடியாது, நீர்விட்டுத் துவண்டுபோகும். நீங்கள் கேட்ட பிறகு மண் உரலில் மர உலக்கையால் இடிக்கும் சத்தம் அடுக்களையிலிருந்து வர வேண்டும். புளிப்பும் உப்பும் உறைப்பும் முன்னே நிற்க, இனிப்பு அடியில் இருந்தால் அந்தக் கையை நம்பலாம். இனிப்பே தப்பு என்று நினைத்துவிடாதீர்கள். நடுத் தாய்லாந்துச் சமையலில் பனைவெல்லத்துக்கு உரிய இடம் உண்டு. எதிரில் புளிப்பு இல்லாதபோதுதான் அது திகட்டுகிறது.

அடுத்தது பாட் கிராப்பாவ். கொத்திய கோழியையோ பன்றியையோ பூண்டு, மிளகாயுடன் வறுத்து, கடைசியில் துளசியைப் போட்டு, சோற்றின்மேல் ஓரம் முறுகப் பொரித்த முட்டையுடன் தருவது. பாங்காக்கில் வேலைக்குப் போகிறவர்கள் மதியம் என்ன சாப்பிடுவது என்று யோசிக்க நேரமில்லாதபோது கேட்பது இதைத்தான். துளசி கிடைக்காத இடங்களில் சோம்பு மணமுள்ள இனிப்புத் துளசியைப் போடுவார்கள். சுவை மாறும், ஆனாலும் சாப்பிடலாம். குடைமிளகாயும் காரட்டும் சேர்த்துத் தட்டை நிரப்பியிருந்தால் அந்தக் கடையில் எனக்கு நம்பிக்கை போய்விடும்.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. தெருக்கடை என்றாலே மலிவு, மேசைவிரிப்பு இருந்தாலே கொள்ளை என்று எண்ண வேண்டாம். சிறந்த உணவகங்களுக்கு நட்சத்திரம் தரும் மிஷலின் வழிகாட்டி பாங்காக்குக்கு முதன்முதலாக 2017 டிசம்பரில் வெளியானபோதே நட்சத்திரம் பெற்ற, ஜே ஃபாய் என்ற சமையல்காரரின் கடை தெருவோரக் கடைதான். ஆனால் அவருடைய புகழ்பெற்ற நண்டு ஆம்லெட் மலிவானதல்ல, உள்ளே அவ்வளவு நண்டுச் சதை இருக்கிறது. இறாலும் நண்டும் கேட்டுவிட்டு விலையைக் குறை சொல்வதில் நியாயமில்லை. அதே சட்டியில் கோழியோ முட்டையோ கேளுங்கள், பாதிக் கவலை தீரும்.

இன்னொரு செலவை நீங்களே இழுத்துக்கொள்கிறீர்கள் என்று சந்தேகிக்கிறேன். ஆளுக்கொரு குழம்பு வாங்குவது தாய்லாந்து முறையே அல்ல. ஆளுக்கு ஒரு தட்டுச் சோறு, நடுவில் எல்லாருக்கும் பொதுவாகப் புளிப்பான சூப் ஒன்று, வறுவல் ஒன்று, குழம்பு ஒன்று. நான்கு பேருக்கு அது போதும், ஆளுக்கொரு குழம்பைவிடச் செலவும் குறையும். தேங்காய்ப்பாலின் கனத்தை டாம் யம் சூப்பின் புளிப்பு வெட்டும் என்பதால், தனியாகச் சாப்பிட்டபோது திகட்டிய குழம்புகூட அந்த வரிசையில் நன்றாக இருக்கும்.

நூடுல்ஸ் சூப் வாங்கினால் மேசையில் நான்கு கிண்ணம் இருக்கிறதா என்று பாருங்கள். மிளகாய் போட்ட மீன் சாஸ், மிளகாய் ஊறிய வினிகர், மிளகாய்த் தூள், சர்க்கரை. சாப்பிடுகிறவர் தானே கலந்து சரிசெய்துகொள்ள வேண்டிய உணவு அது. கிண்ணங்கள் இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். சப்பென்று இருக்கிறது என்று எழுந்து வந்துவிடாதீர்கள்.

தாய்லாந்து வணிக அமைச்சகம் தரும் "தாய் செலக்ட்" சான்று வாசலில் இருந்தால் அது ஒரு நல்ல அறிகுறி. இல்லாத சிறிய கடையை அதற்காக ஒதுக்காதீர்கள். இணைய நட்சத்திரங்களை நான் பொருட்படுத்துவதில்லை. காரம் அதிகம் என்று யாரோ ஒற்றை நட்சத்திரம் கொடுத்த கடைக்குத்தான் நான் முதலில் போவேன்.

சைவம் சாப்பிடுகிறவர்களோடு போனால், காய்கறி என்று எழுதியிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். மீன் சாஸ் பெரும்பாலான வறுவல்களிலும், இறால் விழுது குழம்பு விழுதிலேயும் இருக்கும். விழுதில் கலந்த இறாலைத் தட்டு வந்த பிறகு யாராலும் பிரிக்க முடியாது. உட்காரும் முன்பே கேட்டுவிடுங்கள்.